எருமை தேடிப் போனவள்

சுபைறாவுக்கு வயது ஐம்பத்தொன்பது. இத்தனை வயதுக்குள் அவள் சொன்ன பொய்களை எல்லாம் கூட்டிச் சேர்த்தாலும் ஒரு கைப்பிடி தேறாது. தையல்காரி என்ற முறையில் "நாளைக்குத் தாறன்" என்று சொன்னவற்றை இதில் சேர்க்கக்கூடாது. அது தொழிலோடு வருவது, கேட்பவர்களும் அதை நம்புவதில்லை. அப்படிப்பட்டவள் வாழ்க்கையில் சொன்ன ஒரேயொரு பெரிய பொய், முப்பது வருடம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில் பேஸ்புக்கில் வந்து நின்றது.

அதை முதலில் கண்டவள் றுஸ்னா. கல்முனைக்குடியில் சுபைறாவின் வீட்டு முன்னறையில் மூன்று தையல் மெஷின்கள். ஒன்றில் சுபைறா, ஒன்றில் றுஸ்னா, மூன்றாவது பழுது. அபாயா தைப்பதில் றுஸ்னாவின் கை சுத்தம். வாய்தான் நிற்காது. அவளிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று.

"ராத்தா, இஞ்ச பாருங்க! நம்மட அப்ராட படத்தப் போட்டிரிக்கானுகள்."

அப்ரா சுபைறாவின் ஒரே மகள். கொழும்பில் இருந்து படம் எடுக்கிறாள். போன வருடம் அவளுடைய படத்துக்கு வெளிநாட்டில் ஒரு பரிசு கிடைத்ததிலிருந்து, அவள் என்ன சாப்பிடுகிறாள், என்ன வாசிக்கிறாள் என்றெல்லாம் ஆட்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இது ஒரு சினிமாச் சஞ்சிகை கேட்டது. 'இயக்குநர் அப்ரா பரிந்துரைக்கும் ஐந்து புத்தகங்கள்.'

"வாசி புள்ள," என்றாள் சுபைறா, கறுப்புத் துணியில் கத்தரியை ஓட்டிக்கொண்டே. "எனக்குக் கண்ணாடி எங்க வெச்சனெண்டு தெரியா." கண்ணாடி அவள் தலையில்தான் இருந்தது. றுஸ்னா அதைக் கவனிக்கவில்லை.

"முதலாவது புத்தகம், எருமை தேடிப் போனவள்."

கத்தரி துணியின் நடுவில் நின்றது.

றுஸ்னா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மிச்சத்தை வாசித்தாள். அப்ரா இப்படி எழுதியிருந்தாள்: 'எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது உம்மா குவைத்திலிருந்து கசட்டில் வாசித்து அனுப்பிய நாவல் இது. எழுதியவர் பெயர் தெரியாது. உம்மா திரும்பி வரும்போது புத்தகத்தை விமான நிலையத்தில் பறித்துக்கொண்டார்கள். ஒரு காட்சியை எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று எனக்குப் படிப்பித்தது சினிமாப் பள்ளிக்கூடம் இல்லை, இந்தப் புத்தகம். இதன் முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது. யாரிடமாவது ஒரு பிரதி இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.'

மற்ற நான்கும் பெரிய பெரிய புத்தகங்கள். ரஷ்யாக்காரர் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், இன்னும் இரண்டு பேர். அவர்கள் நால்வரும் எருமைக்குக் கீழே வரிசையாக நின்றார்கள்.

"நல்ல புத்தகமா ராத்தா?" என்று கேட்டாள் றுஸ்னா.

"வேலையப் பாரு," என்றாள் சுபைறா. அன்று அந்த அபாயாவின் முன்பக்கம் அரை அங்குலம் கோணலாகப் போயிற்று.

பொய் பிறந்தது இப்படித்தான். சுபைறா வரிப்பத்தான்சேனையில் எட்டுப் பிள்ளைகளுக்கு மூத்தவளாகப் பிறந்தாள். உம்மாவும் வாப்பாவும் வயலுக்குப் போனால் சின்னதுகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்று முதலாம் வகுப்புப் பாதியிலேயே அவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஓதப்பள்ளிக்கு மட்டும் போகவிட்டார்கள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டும் குர்ஆன் ஓதலாம். ஆகவே அறபெழுத்து வந்தது. தமிழெழுத்து வரவில்லை. அது கட்டிக்கொண்ட புருசன் ஆதம்பாவாவுக்கு மட்டும் தெரியும். அந்த மனிதர் அதை ஒரு நாளும் வெளியே விட்டதில்லை. ஏதாவது கடிதம் வந்தால், "உனக்கு எழுத்துப் புடிபடாது, கண் சரியில்ல, இஞ்ச தா," என்று எல்லோருக்கும் முன்னால் தானே வாங்கி வாசிப்பார். ஆறு வருடத்துக்கு முன் மௌத்தாகும்போது அந்த ரகசியத்தையும் தன்னோடு கொண்டுபோனார்.

அப்ரா பிறந்ததும் வீட்டுப் பிரச்சினை வந்தது. பெண்பிள்ளை என்றால் அவளுக்குக் கொடுக்க ஒரு வீடு வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு மறுபேச்சு இல்லை. ஆதம்பாவா கரைவலை இழுத்த கூலியில் அடுப்பு எரியும், சுவர் எழும்பாது. சுபைறா நான்கு வருடம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அந்தக் காலத்தில் போனவர்கள் எல்லோரும் கசட்டில் பேசித்தான் அனுப்பினார்கள் என்பதால், இவள் கடிதம் எழுதாததை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. முதல் கசட்டுக்குப் பதில் கசட் வந்தது. அதில் அப்ராவின் குரல்: "உம்மா, எங்கட ரீச்சர் சொன்னா உம்மாமார் புத்தகம் வாசிச்சுக் காட்டணுமாம். எல்லாட உம்மாவும் வாசிக்காவாம். நீங்க எப்ப வாசிப்பீங்க?"

சுபைறா அன்று முழுக்க அழுதாள். மறுநாள் உடுப்புக் கழுவும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, எசமானியின் பழைய உடுப்பு விளம்பரப் புத்தகத்தை மடியில் விரித்து, ரெக்கோடரை அமத்தி, "புத்தகத்திட பேரு, எருமை தேடிப் போனவள்," என்றாள். இடைக்கிடை தாளைத் திருப்பினாள், சத்தம் கேட்கவேண்டும் என்பதற்காக.

நாச்சியா என்றொரு குடியானவப் பெண். ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால் எருமையைக் காணோம். தேடிப் போகிறாள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு வேலை செய்து கொடுத்தால்தான் எருமை போன வழியைச் சொல்கிறார்கள். ஓரிடத்தில் உடைந்த வரம்பைக் கட்டுகிறாள், இன்னோரிடத்தில் பேச்சுவார்த்தை இல்லாத அக்கா தங்கையைப் பேச வைக்கிறாள். ஒவ்வொரு ஊர் முடிவிலும் சேற்றில் குளம்படி தெரியும், எருமை தெரியாது. அந்த இடத்தில் கசட் முடியும். இப்படி இருபத்தாறு கசட், இருபத்தாறு ஊர். பிறகு ஒப்பந்தம் முடிந்து சுபைறா திரும்பி வந்தாள். வாசலில் பெட்டியை இறக்கி முடிக்கவில்லை, பத்து வயது அப்ரா அதைக் கிளறத் தொடங்கிவிட்டாள். பொம்மையைத் தூக்கி ஒரு பக்கம் போட்டாள், சொக்கலேற்றை ஒரு பக்கம் போட்டாள்.

"புத்தகம் எங்க?"

"எயாப்போட்டில எடுத்துட்டானுகள் மகள்," என்றாள் சுபைறா. அது அன்றோடு முடிந்தது என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த நேரம் பார்த்து அவள் மகளுக்கு அழைப்பெடுத்தாள்.

"மகள், அந்தப் புத்தகத்த விட்டுட்டு வேற ஒண்டப் போடன்."

"ஏன் உம்மா?"

"எருமையெண்டு பேரு. ஆக்கள் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நான் ஆர்ட புத்தகத்தையும் அதுக்கு மேல போடமாட்டன்." அப்ராவின் குரலில் தகப்பனின் பிடிவாதம் அப்படியே இருந்தது. "உம்மா, அதக் கண்டுபிடிக்காம விடமாட்டன். நாச்சியாக்கு எருமை கிடைச்சுதா இல்லையா எண்டு எனக்குத் தெரியோணும். உங்களுக்கு ஞாபகம் இரிக்கா?"

"அடுப்பில பால் பொங்குது," என்று சொல்லிச் சுபைறா போனை வைத்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை இமக்குலேற் மிஸ் வந்தா. ஊர் நூலகத்தில் இருபத்தெட்டு வருடமாக நூலகராக இருப்பவ. ஒரு புத்தகம் வேண்டும் என்று யாராவது கேட்டுவிட்டால், அதைக் கொண்டுவந்து கையில் கொடுக்காமல் அவவுக்கு நித்திரை வராது. வாசிப்பு மாதத்துக்கு அப்ராவின் ஐந்து புத்தகங்களையும் ஒரு தட்டில் அடுக்கி வைக்கப்போவதாகவும், அடுத்த கிழமை சனிக்கிழமை அப்ராவே வந்து பேசச் சம்மதித்திருப்பதாகவும் சொன்னா.

"நாலு புத்தகமும் எடுத்துட்டன். உங்கட எருமைதான் அம்பிடுதில்ல, சுபைறா. கொழும்பில கேட்டன், யாழ்ப்பாணத்தில கேட்டன், சென்னைக்கும் எழுதினன். எழுதினது ஆரெண்டு கொஞ்சமாவது ஞாபகமிருக்கா? அட்டை என்ன நிறம்?"

"பச்சை," என்றாள் சுபைறா. சொல்லி முடிக்கும் முன்னரே நாக்கைக் கடித்துக்கொண்டாள். இப்போது பொய் இரண்டாகிவிட்டது.

"பச்சை," என்று இமக்குலேற் மிஸ் தாளில் குறித்துக்கொண்டா. "அந்த இடத்தை வெறுமையா விட்டு வைக்கிறன். கிடைக்காமப் போகாது."

புதன்கிழமை றுஸ்னா மெஷினை நிறுத்திவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சத்தமில்லாமல் இருந்தால் ஏதோ கெட்ட செய்தி என்று அர்த்தம்.

"என்ன?"

"ஒண்டுமில்ல ராத்தா."

"வாசி."

நூற்பட்டியல் தொகுக்கிறவராம் ஒருவர், இருபது வருடம் அதுதான் அவருடைய வேலையாம். எழுதியிருந்தார்: 'இப்படியொரு நாவல் தமிழில் அச்சேறவே இல்லை. பெயர் வாங்குவதற்காக இல்லாத புத்தகத்தை இருப்பதாகச் சொல்கிறார் இந்தப் பெண். அன்றைய கூட்டத்துக்கு நானும் வருவேன்.' அதற்குக் கீழே நூற்றுச் சொச்சம் பேர் சிரித்திருந்தார்கள். ஒருவன், 'அப்போ படமும் இரவலா?' என்று கேட்டிருந்தான். அப்ரா ஒரே வரியில் பதில் போட்டிருந்தாள்: 'என் உம்மா பொய் சொல்லமாட்டா.'

சுபைறாவுக்கு அந்த மனிதர்மேல் வந்த கோபம் கொஞ்ச நேரம்தான் நின்றது. அவர் சொன்னது சரியல்லவா? புத்தகம் இல்லைதான். இல்லாத ஒன்றுக்காகப் பிள்ளை ஊர் உலகத்துக்கு முன்னால் நெஞ்சைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறாள். உண்மையைச் சொன்னால் ஊர் சிரிக்கும். அது ஒரு கிழமைச் சிரிப்பு, அவள் தாங்குவாள். ஆனால் அப்ராவின் மனதில் உம்மா என்றால் மடியில் புத்தகத்தோடு இருக்கும் ஒரு பெண். அந்தப் பெண்ணைக் கொல்ல வேண்டும். அதற்குத்தான் சுபைறாவுக்குக் கை வரவில்லை. சொல்லாமல் விட்டாலோ, பிள்ளை பொய்க்காரியாகிப் போவாள்.

றுஸ்னா பின்னேரம் போன பிறகு அவள் மறுநாள் வேலைக்காக அளவுக் கொப்பியை எடுத்தாள். றமீஸா, தோள் பதினாலரை, நீளம் ஐம்பத்தாறு. சாஜிதா, கை அகலம் கூட. பதினைந்து வருடக் கணக்கு அதில் கிடந்தது. எல்லாம் அவள் கைப்பட எழுதியது, எல்லாம் அறபெழுத்தில். அறபில் இல்லாத 'ப'னாவுக்கும் 'ட'னாவுக்கும் எங்கெங்கே புள்ளி சேர்க்க வேண்டும் என்று, ஓதிக்கொடுத்த லெப்பையின் மனைவி அந்த நாளில் சொல்லிக்கொடுத்திருந்தா. குவைத்தில் மிளகாய்த்தூள் போத்தலுக்கும் மல்லித்தூள் போத்தலுக்கும் அப்படித்தான் பெயர் ஒட்டினாள். அதை எழுத்து என்று அவள் ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை. அளவு மறந்துபோகாமல் இருக்க ஒரு வழி, அவ்வளவுதான்.

கொப்பியை முதலிலிருந்து கடைசிவரை ஒருதரம் புரட்டினாள். பிறகு தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் நூற்றறுபது பக்கக் கொப்பி ஒன்றும் இரண்டு பேனாவும் வாங்கிவந்தாள்.

வியாழக்கிழமை விடிய சுபஹு தொழுதுவிட்டு உட்கார்ந்தாள். முதலில் ஒரு தயக்கம் வந்தது. குர்ஆன் எழுத்தில் எருமைக் கதை எழுதலாமா? கொஞ்சம் யோசித்தாள். இதே எழுத்தில் பதினைந்து வருடமாகக் கல்முனைக்குடிப் பெண்களின் இடுப்பளவை எழுதியாயிற்று, எருமை அதைவிட மோசமில்லை. பிஸ்மி சொல்லி, கொப்பியின் வலப்பக்கத்திலிருந்து தொடங்கினாள்.

அன்று காலை ஒன்றரைப் பக்கம்தான் ஓடியது. விரல் வலித்தது, கத்தரி பிடித்த கைக்குப் பேனா ஒரு துரும்பு மாதிரி நழுவியது. இருபத்தாறு ஊர், இருப்பது பத்துக் காலை. இந்தக் கணக்கில் போனால் வரப்போகும் நோன்புக்கும் முடியாது என்று கண்டு, மறுநாள் எழுதுவதை எண்ணாமல் வாயால் கதையைச் சொல்லிக்கொண்டே கையை ஓடவிட்டாள். கை வாயைப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் நான்கு ஊர் முடிந்தது. றுஸ்னா ஒன்பது மணிக்கு வரும்போது கொப்பி துணிக் கட்டுக்குள் போய்விடும். ஒருநாள் மட்டும் அவள் நேரத்தோடு வந்து கண்டுவிட்டாள்.

"என்ன ராத்தா, துஆ எழுதுறீங்களா?"

"ஓம்," என்றாள் சுபைறா. அதையும் பொய் என்று முழுதாகச் சொல்ல முடியாது.

எல்லா ஊரும் ஞாபகத்தில் இருக்கவில்லை. ஒரு ஊர் சொன்ன நாளில் எசமானியின் திரைச்சீலை கழுவினாள், ஒரு ஊரில் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பு. அப்படி அப்படித்தான் பிடித்துக்கொண்டு போனாள். பதினோராவதில் தடம் தவறிவிட்டது. புதிதாக ஒன்றைக் கட்டிச் சொருகியிருக்கலாம். அவளுக்கு அது பிடிக்கவில்லை. மகள் கேட்டது எதுவோ அதுதான் இதில் இருக்க வேண்டும். போனை எடுத்தாள்.

"மகள், அந்தப் பதினோராம் கசட்டில என்ன வந்த? சும்மா, ஞாபகம் வரல்ல."

அப்ரா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "உப்பளத்து ஊரு உம்மா. மழை வரப்போகுது, உப்ப அள்ளி முடிக்கணும். நாச்சியா ஊராக்கள் எல்லாரையும் எழுப்பி வரிசையா நிக்க வெச்சி, கூடைய கைமாத்தி கைமாத்தி... கடைசிக் கூடைய மூடக்குள்ள முதல் துளி விழும். குளம்படியில உப்புத் தண்ணி நிக்கும். நீங்க அந்த இடத்தில இருமினீங்க."

"இருமினனா?"

"ரெண்டு தரம்."

சுபைறா போனைக் காதோடு அணைத்துக்கொண்டு இடக்கையால் கண்ணைத் துடைத்தாள், வலக்கையால் எழுதினாள். பதினேழாம் ஊருக்கும் இருபத்தோராம் ஊருக்கும் அப்படியே கேட்டு வாங்கினாள். தான் சொல்லச் சொல்லப் புத்தகம் எழுதப்படுகிறது என்று மகளுக்குத் தெரியாது. கூட்டத்தில் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டதற்கு, "கேட்டதக் கேட்டனெண்டு சொல்லுவன்," என்றாள் அப்ரா. "கசட்டெல்லாம் பூஞ்சணம் புடிச்சுப் போச்சே, என்ட காதுதான் சாட்சி."

வெள்ளிக்கிழமை இருபத்தாறாம் ஊர் முடிந்தது. அன்று பின்னேரம் மிஞ்சிக் கிடந்த பச்சைத் துணியில் கொப்பிக்கு உறை தைத்தாள். இரண்டில் ஒரு பொய்யையாவது உண்மையாக்கிவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். கடைசிப் பக்கம் மட்டும் மீதி இருந்தது. அதைச் சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு எழுதினாள். அதற்கு யோசிக்கத் தேவைப்படவில்லை. முதல் கசட் சொன்ன நாளே அவளுக்குத் தெரிந்திருந்த பக்கம் அது. ஆனாலும் அந்த ஒரு பக்கத்துக்குத்தான் அதிக நேரம் எடுத்தது. எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது வாசலில் முச்சக்கரவண்டி வந்து நின்றது. கொழும்பு பஸ்ஸில் வந்த அப்ரா, கலைந்த தலையோடு இறங்கினாள்.

பிள்ளையின் முகம் வாடியிருந்தது. சாப்பிட்டாள், தூங்கினாள். புறப்படும் நேரம் கேட்டாள், "உம்மா, நீங்களும் வாறீங்களா? வராட்டியும் பரவாயில்ல."

"வாறன்," என்றாள் சுபைறா. கைப்பையைக் கக்கத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நூலகத்தில் அறுபது பேர் அளவில் கூடியிருந்தார்கள். பாதிக்குமேல் பெண்கள். முகத்தைப் பார்க்காமலே சுபைறாவுக்கு அவர்களைத் தெரியும்; தோளளவைப் பார்த்தே பெயர் சொல்வாள். முன்னால் ஒரு தட்டில் நான்கு புத்தகம் நின்றது. முதலாவது இடம் வெறுமை. அதன் கீழே இமக்குலேற் மிஸ்ஸின் அழகான எழுத்தில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. அதில் என்ன எழுதியிருக்கும் என்று சுபைறாவுக்கு யாரும் வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நூற்பட்டியல்காரர் இரண்டாம் வரிசையில் இருந்தார். வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு கோப்பு. அப்ரா பேசத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் கையை உயர்த்தினார். மனிதர் மரியாதையாகத்தான் கேட்டார். "எழுதியவர் யார், பதிப்பித்தவர் யார், எந்த ஆண்டு? மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் இல்லாத புத்தகத்தைத் தேடி அலையக்கூடாது."

"எனக்குத் தெரியாது," என்றாள் அப்ரா. "ஆனா எடுக்கமாட்டன். என்ட உம்மா வாசிச்சா. நான் கேட்டன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்க முன் சுபைறா எழும்பிவிட்டாள். கதிரைகளுக்கு நடுவால் முன்னால் நடந்தாள். கைப்பையைத் திறந்து, பச்சை உறை போட்ட கொப்பியை எடுத்து, வெறுமையாக இருந்த இடத்தில் நிறுத்தினாள்.

"இதுதான் அந்தப் புத்தகம்," என்றாள். மைக்குக்குப் பக்கத்தில் போகவில்லை. ஆனாலும் கடைசி வரிசைவரை கேட்டது. "என்ட புள்ள பொய் சொல்லல்ல. பொய் சொன்னது நான். குவைத்தில புத்தகம் ஒண்டும் இருக்கல்ல. வாசிக்கிற மாதிரி தாளத் திருப்பித் திருப்பி நானாச் சொன்ன கதை. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியா. அண்டைக்கும் தெரியா, இண்டைக்கும் தெரியா."

அப்ராவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் மிச்சத்தைச் சொல்ல முடியாது என்று தெரியும். பெண்கள் வரிசையில் இருந்த றுஸ்னா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இமக்குலேற் மிஸ்தான் முதலில் அசைந்தா. வந்து கொப்பியைக் கையில் எடுத்தா. "அட்டை பச்சைதான்," என்றா மெதுவாக. பிறகு வழக்கப்படி இடப்பக்கத்தால் திறந்தா. அது கடைசிப் பக்கம். கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தா. "சுபைறா, இது அறபெல்லோ?"

"எழுத்துத்தான் அறபு மிஸ். கதை நம்மட கதை."

நூற்பட்டியல்காரர் எழும்பி வந்து எட்டிப் பார்த்தார். அவருடைய இருபது வருடப் பட்டியலில் இப்படி ஒன்று எந்த இடத்தில் சேரும் என்று அவருக்கே தெரியவில்லை போலும். கோப்பை மூடினார்.

அப்ரா கொப்பியை வாங்கினாள். அவளும் ஓதப்பள்ளியில் ஓதியவள்தான். அலிஃப் பே சொல்லி எழுத்துக் கூட்டுவதுபோல விரலை வைத்து முதல் சொல்லைக் கூட்டினாள். "எ... ரு... மை." பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. முன்வரிசையில் இருந்த றமீஸா கழுத்தை நீட்டி அடுத்த சொல்லைத் தானே கூட்டி வாசித்தாள். "தே-டி." தமிழ்ப் புத்தகத்தை ஒரு நாளும் விரித்துப் பார்க்காத இரண்டு மூன்று பேரும் எழும்பி வந்து கொப்பியைச் சுற்றி நின்றார்கள். அவர்களுக்கு வாசிக்க முடிந்தது. இருபத்தெட்டு வருடமாக அந்த நூலகத்தில் எல்லோருக்கும் புத்தகம் எடுத்துக் கொடுத்த இமக்குலேற் மிஸ்ஸுக்குத்தான் முடியவில்லை.

அப்ரா தலையை நிமிர்த்தினாள். முப்பத்தேழு வயது, வெளிநாட்டுப் பரிசு, எல்லாம் அந்த நேரம் எங்கோ போய்விட்டன. பெட்டியைக் கிளறிய பிள்ளையின் குரல்தான் வந்தது.

"எருமை கிடைச்சுதா உம்மா?"

"கடைசிப் பக்கத்த வாசி."

அவள் திருப்பினாள். விரல் வலமிருந்து இடமாக நகர்ந்தது. "இருபத்தேழாம் ஊர், நாச்சியாட ஊர். எருமை எங்கயும் போகல்ல. வீட்டுக்குப் பின்னால வாய்க்காலில, மூக்க மட்டும் வெளிய வெச்சிட்டு முங்கிக் கிடந்த. நாச்சியா அத முதல் நாளே கண்டுட்டா. வரம்பில ஏறின உடனேயே கண்டுட்டா."

நிறுத்தினாள். "கண்டுட்டு ஏன் போனா?"

"வாசி மகள்."

"கண்டுட்டன் எண்டு சொன்னா கதை முடிஞ்சிரும். கதை முடிஞ்சா புள்ள அடுத்த கசட்டுக்குப் பாத்துக்கிட்டு இரிக்காது. பாத்துக்கிட்டு இராட்டி உம்மாட குரல் அதுக்கு மறந்துரும். அதுதான் நாச்சியா காணாத மாதிரி நடந்தா. வீட்டச் சுத்தித்தான் நடந்தா, இருபத்தாறு ஊரும்."

அப்ரா அழுவாள் என்று சுபைறா நினைத்தாள். திட்டுவாள் என்றும் நினைத்தாள். அவள் இரண்டும் செய்யவில்லை. தட்டின் கீழே இருந்த அட்டையைக் கழற்றி எடுத்து, அதைப் பின்பக்கம் திருப்பி, இமக்குலேற் மிஸ்ஸிடம் பேனா வாங்கி எழுதினாள். எழுதிவிட்டு உம்மாவுக்குத் தெரியும்படி சத்தமாக வாசித்தாள். "எருமை தேடிப் போனவள். எழுதியது, சுபைறா ஆதம்பாவா." பிறகு ஒரு கதிரையை இழுத்து முன்னால் போட்டாள். உம்மாவின் தலையில் இருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்துவிட்டு, கொப்பியை மடியில் வைத்தாள். தான் கீழே தரையில், காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"முதலாம் ஊரிலிருந்து வாசிங்க உம்மா," என்றாள். "நான் கேட்டுக்கிட்டு இரிக்கன்."

சுபைறா முதல் தாளைத் திருப்பினாள். இந்த முறை அது உண்மையாகவே புத்தகத்தின் தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசிக்கத் தொடங்கினாள்.